வறண்ட நிலத்து மண்ணுக்குப் பெயர் வைத்த கதை



இந்த வளக்கட்டுரைக்கு மண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் நம் மலேசியாவில் பார்க்கவே முடியாத மண், அதாவது மழை குறைந்த வறண்ட பகுதிகளின் மண். "இது புவியியல் ஆசிரியரின் வேலையாச்சே, தமிழாசிரியருக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இரண்டு. கருத்துணர்தலுக்கும் கட்டுரைக்கும் அறிவியல் வரலாறு நல்ல தீனி. அதோடு, உலக அறிஞர்கள் பல ஆண்டுகள் முட்டி மோதிப் பிரித்தறிந்த இரண்டு மண்வகைகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றை மாணவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வகுப்பில் "பாலைவன மண் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "மணலாக இருக்கும்" என்பதுதான் பதிலாக வரும். மணல்மேடு பாலைவனத்தின் ஒரு பகுதி மட்டுமே. வறண்ட நிலத்தில் களிமண் உண்டு, சிமெண்டு போல் இறுகிய சுண்ணாம்பு அடுக்கு உண்டு, ஜிப்சம் உண்டு, வெள்ளையாய் உப்புப் பூத்த நிலம் உண்டு, மேலே சாதுவாகத் தெரிந்து உள்ளே தண்ணீரை விடாத நிலமும் உண்டு. இவற்றையெல்லாம் எப்படிப் பிரிப்பது? எதை வைத்துப் பெயரிடுவது? மேலே இருக்கும் வானத்தை வைத்தா, உள்ளே இருக்கும் பொருளை வைத்தா? இந்தக் கேள்விதான் கட்டுரை முழுவதும் வரப்போகிறது. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை செய்யும் வேலை

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரையக்கூடிய சுண்ணாம்பு, உப்பு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுகிறது. மண் புளித்துப்போகிறது, அதாவது அமிலத்தன்மை அடைகிறது. அதனால்தான் இங்கே பயிரிடுபவர்கள் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கி மண்ணில் போடுகிறார்கள்.

வறண்ட பகுதியில் கதை தலைகீழ். பெய்கிற கொஞ்ச மழை மண்ணுக்குள் ஓர் அடி, இரண்டு அடி இறங்கும். அதற்குள் வெயில் அதை உறிஞ்சிவிடும். நீர் போய்விடும், அது சுமந்து வந்த பொருள் அங்கேயே தங்கிவிடும். எளிதில் கரையாத சுண்ணாம்பு மேலாகத் தங்கும். அதைவிடக் கரையும் ஜிப்சம் இன்னும் கீழே போகும். நன்றாகக் கரையும் உப்புகள் அதற்கும் கீழே இறங்கும். ஆனால் நிலத்தடி நீர் மட்டம் மேலே இருந்தால் நிலைமை மாறிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புநீர் மேலே ஏறி, ஆவியாகி, நிலத்தின் முகத்தில் உப்பை விட்டுவிடும்.

ஆக, வறண்ட நிலத்து மண்ணை வகைப்படுத்துவது என்றால், எந்தப் பொருள் எந்த ஆழத்தில் தங்கியிருக்கிறது என்று படிப்பதுதான். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்குப் பின்னால் வரும் பெயர்கள் பயம் காட்டாது.

ஹில்கார்ட்: வெள்ளையும் கறுப்பும்

யூஜின் ஹில்கார்ட் 1833இல் ஜெர்மனியில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். மழை மிகுந்த மிசிசிப்பியில் பல ஆண்டுகள் மண்ணை ஆராய்ந்தவர். 1875இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஈரமான நிலத்தையும் வறண்ட நிலத்தையும் ஒரே ஆள் கையில் எடுத்துப் பார்த்தது அவருடைய பெரிய பலம்.

அப்போது கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கால்வாய் வெட்டிப் பாசனம் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் வந்தால் பொன் விளையும் என்று நம்பி வந்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் அதிர்ச்சி. பாசன நீரால் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது. நிலம் பூத்தது. பயிர் கருகியது. விவசாயிகள் இதை 'ஆல்கலி' என்று பொதுவாகச் சொன்னார்கள். சில இடங்களில் அது வெள்ளையாக இருந்தது, சில இடங்களில் கறுப்பாக இருந்தது.

ஹில்கார்ட் வேதியியல் படித்தவர். வெள்ளை ஆல்கலியில் சாதாரண உப்பும் சல்ஃபேட் உப்புகளும் மிகுதி என்றும், கறுப்பு ஆல்கலியில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா இருக்கிறது என்றும் விளக்கினார். அந்தச் சோடா மண்ணில் உள்ள மட்கைக் கரைத்து மேலே கொண்டுவருவதால்தான் அந்தக் கறுப்பு நிறம்.

இது வெறும் நிற வேறுபாடு இல்லீங்க. மருந்தே வேறு. வெள்ளை ஆல்கலிக்கு வடிகால் வெட்டி, நல்ல நீர் பாய்ச்சி, உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். கறுப்பு ஆல்கலிக்கு அதை மட்டும் செய்தால் போதாது. மண் குழைந்து, துவாரங்கள் அடைத்து, நீர் உள்ளே இறங்கவே மறுக்கும். அதற்கு முதலில் ஜிப்சம் போட வேண்டும் என்று ஹில்கார்ட் சொன்னார். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடாவோடு வினைபுரிந்து சுண்ணாம்பாக மாறிப் படிந்துவிடும். மிஞ்சும் சோடியம் சல்ஃபேட்டைக் கழுவிவிடலாம். பெயரைத் தவறாக வைத்தால் விவசாயியின் பணமும் உழைப்பும் தண்ணீரோடு போய்விடும்.

இப்போது தமிழுக்கு வருவோம். உப்பு மிகுந்த நிலத்துக்கு 'உவர் நிலம்' என்று பெயர். சோடியம் ஏறி இறுகிப்போன நிலத்துக்குக் 'களர் நிலம்' என்று பெயர். தமிழ்நாட்டு வேளாண்மை நூல்களில் இன்றும் இந்த இரண்டு சொற்களும், இரண்டும் கலந்த நிலத்துக்குக் 'களர்-உவர் நிலம்' என்ற சொல்லும் வழக்கில் இருக்கின்றன. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தில் கல்லாதவருக்கு உவமையாக வருவது களர் நிலம்தான். நிலம் இருக்கிறது, ஆனால் விளைச்சல் இல்லை. அந்தக் குறளை நடத்தும்போது 'களர் என்றால் உப்பு நிலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் இந்த வேறுபாட்டையும் சொல்லிக்கொடுங்கள்.

ஹில்கார்ட் 1892இல் மண்ணுக்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நூற்றுக்கணக்கான மண் மாதிரிகளின் பகுப்பாய்வை ஒப்பிட்டு, வறண்ட பகுதி மண்ணில் சுண்ணாம்பு பல மடங்கு அதிகம் என்று காட்டினார். வறண்ட மண் ஏழை மண் இல்லை. மழையால் அரித்துச் செல்லப்படாத, சத்து மிகுந்த மண், அதற்கு நீர்தான் குறைவு என்பது அவர் கருத்து.

ரஷ்யா: ஊர்ப் பெயர்கள் உலகப் பெயர்களான விதம்

ஏறக்குறைய அதே காலத்தில், உலகத்தின் மறுபக்கத்தில் வசீலி டொகுசாயெவ் (1846–1903) ரஷ்யாவின் புல்வெளிகளில் நடந்துகொண்டிருந்தார். 1870-களில் அங்கே வறட்சி அடித்தது. அதை ஒட்டியே கரிசல் போன்ற கறுப்பு மண்ணை ஆராயும் பணி அவரிடம் வந்தது. அதன் விளைவாக 1883இல் அவருடைய 'ரஷ்யக் கறுப்பு மண்' நூல் வெளிவந்தது. அதுவரை பலர் மண்ணைப் பொடிந்த பாறையாக மட்டுமே பார்த்தார்கள். டொகுசாயெவ் அப்படிப் பார்க்கவில்லை. காலநிலை, உயிரினங்கள், தாய்ப்பாறை, நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனிப் பொருள் மண் என்றார். தேர்வில் 'மண் உருவாகும் காரணிகள்' என்று கேட்டால் நாம் எழுதும் ஐந்தும் இவைதான்.

ரஷ்ய அறிஞர்கள் புதுப் பெயர் தேடி அலையாமல் உழவர்கள் வாயில் இருந்த சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். 'சொலொன்சாக்' என்றால் உப்பு மிகுந்த நிலம், நம் உவர். 'சொலொனெட்ஸ்' என்றால் சோடியம் ஏறிய நிலம், நம் களர். இரண்டு சொற்களிலும் உப்பைக் குறிக்கும் ரஷ்யச் சொல் ஒளிந்திருக்கிறது. சொலொனெட்ஸ் நிலத்தைத் தோண்டினால் கீழ் அடுக்கில் மண் தலை உருண்ட தூண்களைப் போல வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவை விளக்கியவர் கெட்ராய்ட்ஸ் என்ற ரஷ்ய மண் வேதியியலாளர். 1910-களிலும் 1920-களிலும் அவர் செய்த ஆய்வுகளின் சாரம் இது. களிமண் துகளின் மேல் சோடியம் ஒட்டிக்கொள்கிறது. சுற்றி உப்பு இருக்கும்வரை துகள்கள் சேர்ந்தே இருக்கும். அந்த உப்பை மட்டும் கழுவிவிட்டால் துகள்கள் பிரிந்து, குழைந்து, துவாரங்களை அடைத்துவிடும். அதாவது உவர் நிலமே களர் நிலமாக மாறக்கூடும். மண்வகை என்பது நிரந்தரப் பட்டம் இல்லை, ஒரு கட்டம்.

மார்பட் போட்ட ஒரே கோடு

அமெரிக்காவில் அரசாங்க மண் அளவாய்வு 1899இல் தொடங்கியது. முதலாண்டில் எடுத்த இடங்களில் நியூ மெக்சிகோவின் பேகோஸ் பள்ளத்தாக்கும் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கும் இருந்தன. இரண்டுமே வறண்ட பகுதிகள். பின்னர் அந்த அளவாய்வுக்குத் தலைமை ஏற்றவர் கர்ட்டிஸ் மார்பட் (1863–1935). ரஷ்ய ஆய்வுகளை ஜெர்மன் மொழியில் தொகுத்திருந்த கிளிங்காவின் நூலை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1927இல் வாஷிங்டனில் முதல் அனைத்துலக மண்ணியல் மாநாடு நடந்தது. மார்பட் உலக மண்ணை இரண்டே பெரும் பிரிவாக்கினார். மழை மிகுந்த பகுதியில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்த மண் 'பெடால்ஃபர்', வறண்ட பகுதியில் சுண்ணாம்பு சேர்ந்த மண் 'பெடோகால்'. அமெரிக்க வரைபடத்தில் வடக்கு தெற்காக ஒரு கோடு, கிழக்கே ஒன்று, மேற்கே மற்றொன்று. அழகாக இருந்தது. ஆசிரியர்களுக்கு நடத்தவும் வசதி.

ஆனால் நிலம் அந்தக் கோட்டைக் கேட்கவில்லை. பாலைவனத்திலேயே சுண்ணாம்பு சேராத மணல் நிலம் இருக்கிறது. அதை எங்கே வைப்பது? பெடோகால் என்ற ஒரே பெட்டிக்குள் உவரும் களரும் நல்ல நிலமும் சேர்ந்துவிட்டால், பாசனம் செய்பவருக்கு அந்தப் பெயரால் என்ன பயன்? பின்னர் வந்தவர்கள் இந்தப் பிரிவைக் கைவிட்டார்கள்.

1938இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட வகைப்பாடு பாலைவன மண்ணைச் செம்பாலை மண், சாம்பல் நிறப் பாலை மண் என்று நிறத்தையும் காலநிலை மண்டலத்தையும் வைத்துப் பிரித்தது. சொலொன்சாக், சொலொனெட்ஸ் இரண்டையும் மண்டலத்துக்கு உள்ளே அமையும் தனி வகைகளாக வைத்தது.

எண்கள் வந்தன

நிறத்தை ஆளுக்கு ஆள் வேறாகப் பார்ப்பார்கள். எண் அப்படி இல்லை. 1954இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் இருந்த அமெரிக்க உவர்மண் ஆய்வகம் ஒரு கையேடு வெளியிட்டது. அதில் உள்ள மூன்று அளவுகள் இன்றும் பாடநூல்களில் வருகின்றன:

உவர் நிலம்: மண் சாற்றின் மின்கடத்துத்திறன் 4 டெசிசீமன்ஸ்/மீட்டருக்கு மேல், மாற்றத்தக்க சோடியம் 15 விழுக்காட்டுக்குக் கீழ். கார அமில நிலை பொதுவாக 8.5க்குக் கீழ்.

களர் நிலம்: மின்கடத்துத்திறன் 4க்குக் கீழ், சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல். கார அமில நிலை பெரும்பாலும் 8.5 முதல் 10 வரை.

களர்-உவர் நிலம்: மின்கடத்துத்திறன் 4க்கு மேல், சோடியமும் 15 விழுக்காட்டுக்கு மேல்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். பார்வைக்கு உவர் நிலம் போலவே இருக்கும். "உப்புதானே, கழுவிவிடலாம்" என்று நீர் பாய்ச்சினால் உப்பு போய்விடும், சோடியம் தங்கிவிடும், நிலம் களராகிவிடும். கெட்ராய்ட்ஸ் சொன்னது இங்கே வயலில் நடக்கிறது. ஆகவே ஜிப்சம் போடாமல் கழுவக் கூடாது. இந்தியாவில் இதற்கென்றே ஹரியானாவின் கர்னால் நகரில் 1969இல் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தார்கள். வட இந்தியக் களர் நிலங்களை ஜிப்சம் இட்டு மீட்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அரிடிசால்: வானத்தைச் சேர்த்த பெயர்

1950-களில் கை ஸ்மித் தலைமையில் அமெரிக்க மண்ணியலாளர்கள் புதிய வகைப்பாடு ஒன்றை வரைவு வரைவாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஏழாவது வரைவு 1960இல் வெளிவந்தது. முழு நூல் 1975இல் வந்தது. அதில் வறண்ட பகுதி மண்ணுக்குக் கிடைத்த பெயர் 'அரிடிசால்'. பனிக்கட்டி மூடாத உலக நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காடு இந்த வரிசையைச் சேர்ந்தது.

ஒரு மண் அரிடிசால் ஆக வேண்டுமானால் பொதுவாக இரண்டு தகுதிகள் வேண்டும். முதலாவது, வறண்ட ஈரநிலை. மண்ணில் 50 சென்டிமீட்டர் ஆழத்து வெப்பம் 5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் நாள்களில் பாதிக்கு மேல் மண் முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். அந்த வெப்பம் 8 பாகைக்கு மேல் இருக்கும்போது தொடர்ந்து 90 நாள் ஈரமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, மண்ணுக்குள் அடையாள அடுக்கு ஒன்றாவது உருவாகியிருக்க வேண்டும். சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு, களிமண் என அது எதுவாகவும் இருக்கலாம்.

மாணவர்களே, இங்கேதான் கவனம் தேவை. மணல்மேட்டில் அடுக்கு எதுவும் உருவாகவில்லை. ஆகவே சகாரா மணல்மேடு அரிடிசால் அல்ல, 'என்டிசால்'. பாலைவனத்தில் இருப்பதெல்லாம் அரிடிசால் என்று எழுதிவிடாதீர்கள்.

1975இல் அரிடிசாலுக்குத் துணைவரிசை இரண்டுதான். களிமண் சேர்ந்த அடுக்கு உண்டா இல்லையா என்பதே பிரிவு. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏழு: குளிர்ந்தவை, உப்பு சேர்ந்தவை, சிலிக்காவால் இறுகியவை, ஜிப்சம் சேர்ந்தவை, களிமண் சேர்ந்தவை, சுண்ணாம்பு சேர்ந்தவை, லேசாக மாறத் தொடங்கியவை. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மெல்ல மெல்ல முக்கியத்துவம் கூடியது தெரிகிறதா?

இதற்கு உதவிய ஆய்வுகளில் ஒன்று, நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் பகுதியில் 1957 முதல் 1972 வரை நடந்த பாலைவன மண் ஆய்வு. அங்கே பணியாற்றிய லீலண்ட் கைலும் நண்பர்களும் 1966இல் சுண்ணாம்பு சேர்வதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். சரளை மண்ணில் முதலில் கூழாங்கல் மேல் மெல்லிய பூச்சு, பிறகு கற்களுக்கு இடையே பரவும் படிவு, பிறகு துவாரங்கள் எல்லாம் அடைபட்ட அடுக்கு, கடைசியில் அதன் மேல் தகடு தகடாய்ப் படிந்த பாறை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சுக்கான் பாறை என்று சொல்வார்களே, அது போன்றது. கட்டம் உயர உயர நிலத்தின் வயதும் கூடும்.

பெயரிலிருந்து வானத்தை எடுத்தவர்கள்

ஐக்கிய நாட்டு உணவு வேளாண் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து உலக மண் வரைபடம் தயாரித்தன. 1974இல் வந்த அதன் வகைப் பட்டியலில் வறண்ட பகுதிக்கு 'ஜீரோசால்', மிக வறண்ட பகுதிக்கு 'யெர்மோசால்' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. 1988இல் பட்டியலைத் திருத்தியபோது இரண்டையும் நீக்கிவிட்டார்கள்!

ஏன்? குழி தோண்டிப் பார்ப்பவர் கண்ணுக்குச் சுண்ணாம்பு தெரியும், ஜிப்சம் தெரியும். ஆண்டுக்கு எத்தனை நாள் மண் ஈரமாக இருந்தது என்பது குழியில் தெரியாது. அதற்கு வானிலைப் பதிவேடு வேண்டும். மண்ணின் பெயர் மண்ணில் காணக்கூடியதை வைத்தே அமைய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 'கால்சிசால்', 'ஜிப்சிசால்' என்ற பெயர்கள் வந்தன. 1998இல் வெளிவந்த உலக மண்வள ஆதாரத் தொகுப்பு சிலிக்காவால் இறுகிய மண்ணுக்கு 'டியூரிசால்' என்பதையும் சேர்த்தது. சொலொன்சாக்கும் சொலொனெட்ஸும் மட்டும் எல்லாத் திருத்தங்களையும் தாண்டி நிலைத்துவிட்டன. உழவர்கள் நிலத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்லவா!

அப்படியானால் அரிடிசால் என்ற பெயர் தவறா? இல்லை. ஒரு பகுதியில் மழையை நம்பிப் பயிரிட முடியுமா என்று திட்டமிடுபவருக்கு ஈரநிலையைச் சொல்லும் பெயர் உடனே உதவும். கெட்டுப்போன வயலை மீட்க நினைப்பவருக்கு உள்ளே சோடியம் இருக்கிறதா என்று சொல்லும் பெயர் வேண்டும். கேட்பவரின் தேவை வேறு, அதனால் பெயரும் வேறு.

'பாலை' என்ற நம் சொல்லையும் இங்கே நினைக்கலாம். முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் காய்ந்து மாறியதே பாலை என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. அது வானத்தை வைத்து வந்த பெயர். களரும் உவரும் மண்ணை வைத்து வந்த பெயர்கள். இதை வைத்து நம் முன்னோர் மண்ணியல் நூல் எழுதினார்கள் என்று கட்டுரையில் எழுதிவிட வேண்டாம். சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று சரியாகச் சொன்னாலே போதும்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

1. 1883, 1892, 1927, 1938, 1954, 1975, 1988 ஆகிய ஏழு ஆண்டுகளையும் தனித்தனி அட்டையில் எழுதிக் குழுவாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் பெயர் வானத்தை வைத்து வந்ததா, மண்ணை வைத்து வந்ததா என்று விவாதிக்கட்டும்.

2. ஒரு மண் மாதிரியின் மின்கடத்துத்திறன் 7, மாற்றத்தக்க சோடியம் 22 விழுக்காடு. இது எந்த வகை? நல்ல நீரை மட்டும் பாய்ச்சிக் கழுவினால் என்ன ஆகும்? காரணத்தோடு எழுதுக.

3. "பாலைவன மண் அனைத்தும் அரிடிசால்." இக்கூற்றைச் சான்றுடன் மறுத்து எழுதுக.

4. களர், உவர், பாலை ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு விளங்க வாக்கியம் அமைத்திடுக.

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கொடுத்துப் பாருங்கள். "உப்பைக் கழுவினால் சரியாகிவிடும்" என்று பாதி வகுப்பு எழுதும். அந்த விடையை அடித்துவிடாதீர்கள். அதே விடையைச் சொந்த வயலில் எழுதிய ஒருவருக்கு அடுத்த பருவத்தில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். வகைப்பாடு எதற்கு என்று பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.